ஒத்தவேம்பு விலக்கு வெயில்

ஐப்பசியில் பிடித்த மழை விடாமல் பெய்த வருஷம் அது. ஊரில் ஒரு துணி காயவில்லை, ஒரு வத்தல் காயவில்லை, சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது, தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்து விழுந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் கோவில்பட்டியில் ரயில்வே லைனுக்கு மேற்கே இருக்கும் காலனியின் மூன்றாவது வரிசையில், பழைய பஸ் டிரைவர் தவசிலிங்கத்தின் முன்னறையில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து வெயில் அடிக்க ஆரம்பித்தது.

முதலில் யாரும் அதை வெயில் என்று சொல்லவில்லை. மிஷின் சூடாகிறது, கேம் திக்குகிறது என்றுதான் சொன்னார்கள். தவசிலிங்கமும் அப்படித்தான் சொல்லி, மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜெபராஜைக் கூட்டிவந்தார்.

கம்ப்யூட்டர் மகன் முகிலனுடையது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போனபோது விட்டுவிட்டுப் போனான். போன தீபாவளிக்கு வந்தவன், அப்பா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல், மேஜையில் திருகி மாட்டும் ஒரு ஸ்டீரிங்கையும் காலுக்கு வைக்கும் மூன்று பெடல்களையும் வாங்கிவந்து, பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். அதில் ஜெர்மனி ரோடு இருந்தது, இந்தோனேசியா ரோடு இருந்தது. தவசிலிங்கத்துக்கு அவை பிடிக்கவில்லை. கடைசியில் விளாத்திகுளத்துக்காரர் ஒருவர், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர், என்ன பித்தோ தெரியாது, மூன்று வருஷம் உட்கார்ந்து கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரைக்குமான ரோட்டை அப்படியே கையால் செய்து, பனைமரத்தைப் பனைமரமாகவும் உடைமரத்தை உடைமரமாகவும் நட்டு, காற்றாலைக் காற்றாடியையும் டீக்கடையையும் கருப்பட்டி விற்கிற கொட்டகையையும் வைத்து, யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்தார். முகிலன் அதை இறக்கினான். தவசிலிங்கம் சீட்டில் உட்கார்ந்தார். பதினான்கு வருஷமாக வளைந்திருந்த அவருடைய முதுகு தானாக நிமிர்ந்ததைப் பார்த்து, அவர் மனைவி பரமேஸ்வரி அடுப்படிக்குள் போய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ரோட்டில் எட்டயபுரத்தைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில் ஒத்தவேம்பு விலக்கு இருந்தது. கிளை ரோடு பிரிகிற இடம், ஊர் உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி. விலக்கில் ஒரு வேப்பமரம், எதிரே ஒரு டீக்கடை, அவ்வளவுதான். பதினான்கு வருஷத்துக்கு முன், சித்திரை இருபத்தாறாம் தேதி மத்தியானம் ஒன்றே முக்கால் மணிக்கு, அந்த விலக்கில் கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தச் சொன்ன ஒரு பெண்ணின் மேல் தவசிலிங்கம் ஓட்டிவந்த தனியார் பஸ் ஏறியது. அவள் பெயர் செண்பகவல்லி. கோர்ட்டில் அவர் மேல் தப்பில்லை என்று ஆனது. அந்த இடம் நிறுத்தம் இல்லை, அவள்தான் தாருக்குள் இறங்கி வந்தாள் என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். விடுதலையான அன்று லைசென்ஸைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார், அதற்குப் பிறகு ஒரு மொபெட்கூட ஓட்டவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேனாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே வயசைக் கழித்தார்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த விலக்கில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்க, பிரேக்கை மிதித்து பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்துவிட வேண்டும். இது விளையாட்டு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அங்கே நிற்கிற பெண் செண்பகவல்லி இல்லை, பாலிடெக்னிக்காரர் எல்லா விலக்கிலும் நிறுத்திவைத்திருக்கிற அதே மஞ்சள் ரவிக்கை பொம்மைதான் என்றும் தெரியும். நிறுத்திவிட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத காரியத்துக்காக ஒரு மனுஷன் இப்படித் தவிப்பானா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டே மறுபடியும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுப்பார்.

ஆனால் ஒரு தடவைகூட நிறுத்த முடியவில்லை. எட்டயபுரம் வரைக்கும் எண்ணெய் விட்டதுபோல ஓடுகிற படம், ஒத்தவேம்பு நெருங்க நெருங்கத் திக்கும். வேப்பமரம் ஒரு தடவை தூரத்தில் தெரியும், அடுத்த தடவை பக்கத்தில் தெரியும், நடுவில் இருக்கிற ரோடு காணாமல் போயிருக்கும். அவர் மிதிக்கிற பிரேக் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பஸ்ஸுக்கு எட்டும். அதற்குள் மிஷின் உலைபோலக் கொதித்து, மஞ்சள் ரவிக்கைக்காரி கையைத் தூக்கியபடி கண்ணாடிக்கு முன்னால் நிற்க, படம் அப்படியே உறைந்துவிடும்.

"தூசிதான் அண்ணாச்சி," என்றார் ஜெபராஜ், முதல் நாள் கேபினெட்டைத் திறந்ததும். புளோயரை வைத்து ஊதினார். ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு வந்தது. மறுநாள் பிராசசர் மேலிருந்த அலுமினியக் கட்டியைக் கழற்றி, நடுவில் பூசியிருந்த பசை காய்ந்து பொடியாகிக் கிடந்ததைக் காட்டி, சுரண்டிவிட்டுப் புதுப்பசை பட்டாணி அளவு வைத்தார். மூன்றாம் நாள் பின்பக்க ஃபேன் தலைகீழாக மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, "சூட்டை வெளிய தள்ள வேண்டியவன் உள்ள இழுத்துக்கிட்டுல்ல இருக்கான்," என்று திட்டிக்கொண்டே திருப்பி மாட்டினார். மேஜையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப்போட்டார். பக்கக் கதவைக் கழற்றிவைத்து எதிரே டேபிள் ஃபேனை ஓடவிட்டார். சூட்டைக் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு, தவசிலிங்கம் ஓட்ட ஓட்டப் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைச் சத்தமாகப் படித்தார். பஸ் ஸ்டாண்டில் ஐம்பத்தெட்டு. எட்டயபுரத்தில் அறுபத்திரண்டு. அதைத் தாண்டி அறுபத்துமூன்று. "இப்ப சரியாயிருச்சு அண்ணாச்சி," என்று சொல்லி வாய் மூடவில்லை, வேப்பமரம் தெரிந்தது, தொண்ணூற்றாறு.

ஜெபராஜ் கழற்றியிருந்த பக்கத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். புறங்கையைத் திருப்பிக் காட்டினார். கேபினெட்டிலிருந்து தரையில் விழுந்த வெளிச்சத்தில் அவருடைய கையின் நிழல், விரல் விரலாக, கறுப்பாக விழுந்திருந்தது. உருகுகிற தார் வாசமும் வேப்பம்பூ வாசமும் அறைக்குள் வந்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது பிராசசர் சூடு இல்ல," என்றார். "இது வெயில்."

"வெயிலா?"

"சித்திரை வெயில். உச்சி திரும்பி ஒண்ணரை, ஒண்ணே முக்கால் மணி இருக்கும். இதுக்குப் பசை வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல." ஸ்குரூ டிரைவர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "உள்ள இருக்கிறதை மொத்தமா மாத்தணும். போர்டு, பிராசசர், கார்டு எல்லாம். முகிலனுக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க. நான் வந்து மாட்டித் தாரேன்."

என்ன தேதி வெயில் என்று ஜெபராஜ் சொல்லவில்லை. தவசிலிங்கத்துக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலில் அந்த வெயிலைப் பயன்படுத்தியது பரமேஸ்வரிதான். நாலு நாளாக ஈர வாடை அடித்துக்கொண்டிருந்த துண்டை, உறைந்து நின்ற மிஷினுக்கு முன்னால் நாற்காலியில் போட்டாள். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது துண்டு அப்பளமாக நின்றது. அன்று சாயங்காலம் அவள் எதிர்வீட்டு மாரித்தாயிடம் சொன்னாள். மாரித்தாய் சந்தையில் வத்தல் வியாபாரம் செய்கிறவள், வீட்டுக்குள் இரண்டு மூட்டை மிளகாய் பூசணம் பிடிக்கிற நிலையில் வைத்துக்கொண்டு பதினோரு நாளாக வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தவள். மறுநாள் காலையில் கோணிப்பையோடு வந்து நின்றாள்.

"மதினி, அண்ணன் வண்டியை எடுக்கலையா இன்னும்?"

"இப்பத்தான் குளிக்கப் போயிருக்காக."

"குளிச்சு என்ன செய்யப் போறாக, கல்யாணத்துக்கா போறாக? சட்டுன்னு வந்து ஓட்டச் சொல்லு, மிளகாய் அழுகுது."

அன்றைக்கு மாரித்தாயின் மிளகாய் காய்ந்து, காம்பைப் பிடித்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டது. அதற்கு மறுநாள் பள்ளிக்கூட யூனிஃபாரம் வந்தது, அடுத்து கூழ் வத்தல், வடகம், ஆட்டோக்காரர் செல்வத்தின் நனைந்த சீட்டு, கோயிலில் பொங்கல் வைக்க வைத்திருந்த விறகு, கூரை ஒழுகி நனைந்த ஒரு கல்யாண ஆல்பம், முழங்கால் பிடித்துக்கொண்ட இரண்டு கிழவர்கள், காமாலை என்று டாக்டர் இளவெயில் காட்டச் சொன்ன ஒரு பச்சைக்குழந்தை. இது இளவெயில் இல்லை, உச்சிவெயில் என்று குழந்தையை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். காலனிச் சங்கத்துச் செயலாளர் ஒரு தாளில் முறை எழுதிக் கதவில் ஒட்டினார்: மிளகாய்க்கு ஒரு நாள், துணிக்கு ஒரு நாள், ஏனென்றால் மிளகாய் நெடி ஏறிய சட்டையைப் போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டன. பெண்கள் வீட்டுக்குள் வரும்போது முக்காடு போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், வெளியே மழைக்குப் பிடித்த அதே குடையை. பரமேஸ்வரி வாசலில் மோர்ப்பானை வைத்தாள். "தவசி வீட்டு வெயில்" என்று அதற்குப் பெயர் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மழை எங்கிருந்து வருகிறது என்று அதுவரை யாரும் கேட்டிருந்தார்களா என்ன?

ஆனால் வெயில் சும்மா அடிக்காது. தவசிலிங்கம் தினமும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டு, நாற்பது நிமிஷம் ஓட்டி, ஒத்தவேம்பு விலக்குக்கு வந்து சேர வேண்டும். அங்கே மிஷின் உறைந்ததும் அப்படியே விட்டுவிட வேண்டும். அணைத்தால் வெயில் போய்விடும். ஆகவே காலை ஒன்பது மணிக்கெல்லாம் காலனிக்காரர்கள் ஈரத்துணியும் முறமும் கோணியுமாக வந்து, அவருக்குப் பின்னால் தரையில் இரண்டு வரிசையாக, நடுவில் நடக்க வழி விட்டு, கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களாகச் செய்ததுதான், யாரும் சொல்லிவைக்கவில்லை.

"அண்ணே, எட்டயபுரம் தாண்டியாச்சா?"

"இன்னும் தாண்டல."

"கொஞ்சம் மிதிச்சா என்ன? மாட்டு வண்டியா ஓட்டுறீக?"

"சத்தம் போடாத மாரித்தாயி, டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னு எழுதியிருக்கும்லா," என்பார் செல்வம். எல்லாரும் சிரிப்பார்கள். தவசிலிங்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். பின்னால் இத்தனை பேர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது அவருக்கு ஒரு வகையில் பிடித்திருந்தது, அதற்காகத் தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. வேப்பமரம் தெரிந்ததும் ஒவ்வொரு நாளும் அவர் பிரேக்கை மிதித்தார். ஒவ்வொரு நாளும் பிரேக் எட்டவில்லை. படம் உறைந்து, அந்தப் பெண் கையைத் தூக்கியபடி நிற்க, வெயில் தரையெல்லாம் பரவும்போது பின்னால் இருந்தவர்கள் "ஆங், வந்தாச்சு" என்று எழுந்து மிளகாயைக் கொட்டிப் பரப்புவார்கள்.

முகிலன் அனுப்பிய பெட்டி அந்த வாரமே வந்துவிட்டது. புது போர்டு, புது கார்டு எல்லாம் அதற்குள் இருந்தன. ஜெபராஜ் வந்து மாட்ட உட்கார்ந்தபோது சங்கத்துச் செயலாளர் முதல் ஆளாக வந்து, "மழை விடட்டும் தவசி," என்றார். "பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது, ஈரச் சட்டையோடவா போகும்?" மாரித்தாய், "ஒரு பத்து நாள் பொறுத்தா உங்க கேம் ஓடிப்போயிருமா?" என்றாள். தவசிலிங்கம் பரமேஸ்வரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பெட்டி பரணுக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, வேற ஒரு வழி இருக்கு," என்றார் ஜெபராஜ், மற்றவர்கள் போன பிறகு. "செட்டிங்ஸ்ல போய் எல்லாத்தையும் குறைச்சுருவோம். நிழலை எடுத்துருவோம். தூரத்துல தெரியிற மரத்தை எடுத்துருவோம். ரோட்டுல நிக்கிற ஆளையெல்லாம் பூச்சியமாக்கிருவோம். பழைய மிஷினே பறக்கும். வெயிலும் கொஞ்சமா அடிக்கும்."

"ஆளில்லாத ரோட்டுல யாருக்கு நிறுத்துறது?"

ஜெபராஜுக்கு விளங்கவில்லை. அப்போதுதான் தவசிலிங்கம் அவரிடம் சொன்னார். பரமேஸ்வரியிடம்கூடச் சொல்லாத விஷயம், கோர்ட்டில் யாரும் கேட்காத விஷயம். அன்று வண்டி நாலு நிமிஷம் லேட். பின்னால் ஒரு பஸ்ஸும் இல்லை, அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். ஆனாலும் நிறுத்தமில்லாத இடத்தில் யாராவது கை காட்டினால், எல்லா டிரைவரும் செய்கிற மாதிரி, ஒரு கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து, பெருவிரலைத் தோளுக்கு மேலே பின்னால் ஆட்டி, 'பின்னால வருது, காலியா வருது' என்று சைகை காட்டினார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை காட்டுகிற சைகை. அவள் அதை நம்பவில்லையோ, பார்க்கவில்லையோ, தாருக்குள் ஒரு அடி எடுத்து வைத்தாள். ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்புவதற்கு அவருக்கு ஒரு கைதான் இருந்தது.

"ஒரு கைதான் இருந்துச்சு ஜெபராஜ்," என்று இன்னொரு தடவை சொன்னார். "இன்னொரு கை பொய் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

ஜெபராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஆளைக் குறைக்க வேணாம் அண்ணாச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகை பிறந்தது. மழை விடவில்லை. வெயிலின் பெயர் காலனியைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, டவுன் பஸ் ஏறிப் போய்விட்டது. கார்த்திகை நாலாம் தேதி காலையில், அறுபத்தைந்து வயசுள்ள ஒரு ஆள் இரண்டு மூட்டை ஈர மிளகாயைச் சுமந்து வாசலில் இறக்கிவைத்துவிட்டு, தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து உதறினார்.

"ஒத்தவேம்புல இருந்து வாறேன். இங்க வெயில் அடிக்குன்னு சொன்னாக."

தவசிலிங்கத்துக்கு ஆளை அடையாளம் தெரிய அந்தக் குரல் தேவைப்படவில்லை. கோர்ட் வராந்தாவில் மூன்று வாய்தாவுக்கும் எதிர் பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் அது. செண்பகவல்லியின் புருஷன் வெள்ளைச்சாமி. அவருக்கு இவரைத் தெரிந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கு இவர் காக்கி போட்டிருந்தார், மீசை இருந்தது. இன்றைக்கு உடம்பு சரியில்லை, ஓட்ட முடியாது என்று சொல்லிவிடலாமா என்று தவசிலிங்கம் நினைத்தார். அதற்குள் மாரித்தாய், "ஏறி உக்காருங்க பெரியவரே, வண்டி கிளம்பப் போகுது," என்று அவரை முன்வரிசையில், டிரைவருக்கு நேர் பின்னால் உட்காரவைத்துவிட்டாள்.

அந்த நாற்பது நிமிஷம் தவசிலிங்கம் ஓட்டியதை ஓட்டினார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பனைமரமும் அவரைக் கடந்து போயிற்று. காற்றாடிகள் சுற்றின. பின்னால் யாரோ எட்டயபுரம் தாண்டியாச்சா என்று கேட்டார்கள். தாண்டியாயிற்று. வேப்பமரம் தூரத்தில் தெரிந்தது, பிறகு பக்கத்தில் தெரிந்தது. அவர் மிதித்தார். எட்டவில்லை. மஞ்சள் ரவிக்கை கையைத் தூக்கிக்கொண்டு உறைந்தது. வெயில் அடித்தது.

எல்லாரும் எழுந்து மிளகாயைப் பரப்பினார்கள். வெள்ளைச்சாமி மட்டும் எழவில்லை. அவர் படத்தில் இருந்த மரத்தைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார், கையைத் தூக்கி நிற்கிறவளைப் பார்த்தார். பிறகு இரண்டு முழங்கையையும் வெயிலுக்கு நீட்டி, ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார், துணியின் தரம் பார்க்கிறவர்போல.

"அன்னைக்கு அடிச்ச வெயில்லா இது," என்றார்.

மாரித்தாய் முறத்தோடு நின்றுவிட்டாள். தவசிலிங்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"நான் கையை எடுத்துட்டேன்," என்றார். "ஸ்டீரிங்ல இருந்து கையை எடுத்துட்டேன். பின்னால வருதுன்னு..."

"தெரியும்," என்றார் வெள்ளைச்சாமி. கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் தவசிலிங்கத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். "டீக்கடைக்காரன் பார்த்துட்டு இருந்தான். நான் ஓடியாந்ததும், 'பதறாத வெள்ளை, பின்னால ஒண்ணு வருதாம், டிரைவரே கை காட்டுனாரு' அப்படின்னான். நீங்க காட்டுக்குள்ள இறங்கி ஓடிட்டீக. உங்க வண்டி சக்கரம் பள்ளத்துல கிடந்துச்சு. அவளுக்கு அப்ப மூச்சு இருந்துச்சு. தலையை மடியில வச்சுக்கிட்டு நான் ரோட்டையே பார்த்தேன். பின்னால வாறதுல ஏத்திக்கிட்டுப் போயிரலாம்னு வேற வண்டிக்கு ஆள்கூட விடல. ரெண்டு மணி நேரம் இந்த வெயில்ல பார்த்தேன்."

மிளகாய் சூடேறி நெடி கிளம்பிற்று. யாரோ ஒருவர் இருமினார்.

வெள்ளைச்சாமி எழுந்து தன்னுடைய மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டி, கையால் பரப்பினார். மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் அதே முன்வரிசையில் உட்கார்ந்தார், பரமேஸ்வரி கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார், மிளகாயைப் புரட்டிப் போட்டார். தவசிலிங்கத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் வத்தலை மூட்டையாகக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றபடி சொன்னார்:

"அந்த மிஷினைச் சரி பண்ணிருங்க. எத்தனை நாளா அவ கையைத் தூக்கிக்கிட்டே நிக்கா. வலிக்காதா?"

மறுநாள் காலையில் தவசிலிங்கம் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். சங்கத்துச் செயலாளர் வந்து, "மழை இன்னும் விடலையே தவசி," என்றார். மாரித்தாய் வாசலில் நின்றுகொண்டு, சந்தையில் தனக்கு வருகிற வாரம் வாய்க்கரிசிதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். செல்வம் ஈரச் சீட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். பரமேஸ்வரி கதவில் ஒட்டியிருந்த முறைத்தாளைக் கிழித்து, அடுப்பில் போட்டாள். ஈரத்தில் அது எரியவில்லை, புகைந்தது.

ஜெபராஜ் காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மத்தியானம் ஒன்றரை வரைக்கும் வேலை செய்தார். பழைய போர்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்தபோது அது கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டே இருந்தது, பிறகு ஆறிப்போயிற்று. புதிய போர்டும் புதிய கார்டும் புதிய ஃபேன்களும் மாட்டி, பக்கக் கதவை மூடித் திருகினார். பழைய டிஸ்கிலிருந்த ரோடு மட்டும் அப்படியே இருந்தது.

தவசிலிங்கம் உட்கார்ந்தார். பின்னால் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். படம் ஒரு இடத்திலும் திக்கவில்லை. பனை ஓலை ஒவ்வொன்றும் ஆடுவது தெரிந்தது, ரோட்டோரச் சரளையில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. ஜெபராஜ் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எண்களைப் படித்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. எட்டயபுரம் போயிற்று. வேப்பமரம் தூரத்தில் தெரிந்தது, தூரத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, மரம் வருகிற மாதிரி மெல்ல வந்தது. நாற்பத்திரண்டு. தவசிலிங்கம் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தார். கியரைக் குறைத்தார். மிதித்தார். பஸ் முன்னால் குனிந்து, பெருமூச்சு விட்டதுபோலக் காற்றை விட்டு, மஞ்சள் ரவிக்கைக்கு மூன்று அடி முன்னால் நின்றது.

அவர் கதவைத் திறந்தார்.

அவள் ஏறவில்லை. கையைத் தூக்கியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் காத்திருந்தார். கதவை மூடி மறுபடி திறந்தார். "ஏறும்மா," என்று சொல்லிப்பார்த்தார்.

"ஏன் ஏறல ஜெபராஜ்?"

"அது பாசஞ்சர் இல்ல அண்ணாச்சி. இந்த இடம் நிறுத்தம் இல்லன்னு அந்த சார் பதிஞ்சு வச்சிருக்காரு. அது சும்மா நிக்கிற பொம்மை. அந்த மரம் மாதிரி."

"கையை இறக்குமா?"

"இறக்காது அண்ணாச்சி."

வெளியே மழை வலுத்தது. விஷயம் தெரியாத இரண்டு மூன்று பேர் ஈரத்துணியோடு வந்தார்கள். கேபினெட்டைத் தொட்டுப்பார்த்தார்கள். அது குளத்துக் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. துணியோடு திரும்பிப் போனார்கள். கடைசியாக மாரித்தாய் வந்தாள், உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"இப்ப நல்லா ஓடுதோ?" என்றாள்.

"ஓடுது," என்றார் தவசிலிங்கம்.

அவள் போய்விட்டாள். எதிர்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பரமேஸ்வரி அடுப்படியிலிருந்து வந்து, ஈரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அதை எங்கே போடுவது என்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

ஜெபராஜ் ஸ்குரூ டிரைவர்களைப் பைக்குள் போட்டுக் கட்டினார். எழுந்து நின்றும் கிளம்பாமல் நின்றார்.

"ஆஃப் பண்ணிரட்டுமா அண்ணாச்சி?"

தவசிலிங்கத்தின் இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தன. அவர் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எட்டயபுரம் ரோடு நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒரு வண்டி இல்லாமல் கிடந்தது.

"இரு," என்றார். "பின்னால ஒண்ணு வருதான்னு பார்த்துக்கிடுறேன்."